வீட்டுக்காரியும் படிப்புக்காரியும்

என் மூத்த மகள் கௌரி ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றியபடியே, "அம்மா, இண்டைக்கு என்னை வகுப்பிலயிருந்து வெளியில எடுத்தவங்க" என்றாள். நான் படித்த நாட்டில் வகுப்புக்கு வெளியே ஒரு பிள்ளை நிற்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தந்தான். வீட்டுப்பாடம் செய்யாமல் போயிருக்க வேண்டும், அல்லது பக்கத்துப் பிள்ளையோடு கதைத்திருக்க வேண்டும். என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லையாம். ஒரு டீச்சர் வந்து, காதோடு காதாகப் பேரைச் சொல்லி, நாலைந்து பிள்ளைகளை வேறு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். அங்கே புதிர்க் கணக்குகள் கொடுத்தார்களாம். போன கிழமையும் அப்படித்தானாம். ஒன்பது வயதுப் பிள்ளை பொய் சொல்லப் பழகிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு, அடுத்த நாள் காலையில் சேலைக்கு மேல் கணவரின் கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு, பனிக்குள் கால் புதையப் புதைய நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெளிநாட்டில் வேறு ஊர்களில் சில வருஷம் இருந்துவிட்டு, மிச்சிகன் மாநிலத்தின் இந்தச் சிறிய ஊருக்கு நாங்கள் வந்து அப்போது மூன்றாவது குளிர்காலம். மன்னிப்புக் கேட்பதற்கு வேண்டிய இங்கிலீஷ் வசனங்களை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வகுப்பாசிரியை மிஸ் கார்ல்சன் என்னைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வாழ்த்துகள் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் இருக்கவைத்து விளக்கினார். இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்று ஒரு நிர்வாகம் உண்டு. எந்த வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு தரம் வகுத்திருக்கிறார்கள். அந்தத் தரத்தை வருஷம் பாதியாவதற்குள்ளேயே தாண்டிவிடுகிற பிள்ளைகளுக்கு 'கிஃப்டட்' என்று பேர். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கிழமைக்கு ஒருதடவை வெளியே எடுத்து வேறு பாடம் கொடுப்பார்களாம். மற்றப் பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் இரகசியமாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறதாம். வருகிற செப்டம்பரிலிருந்து கௌரி ஊரின் மறுகரையில் இருக்கும் வேறொரு பள்ளிக்கூடத்துக்கே போகலாம், அங்கே இப்படியான பிள்ளைகள் மட்டுந்தான், வீட்டு வாசலுக்கு பஸ் வரும், நான் சம்மதித்து ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்றார்.

கெட்டிக்காரத்தனத்தை இரகசியமாக அறிவிக்கிற வழக்கம் எனக்குப் புதிது. ஐம்பதுகளின் தொடக்கத்தில், இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் செட்டிபாளையத்தில், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் முடிவு வந்த காலையில் தலைமை வாத்தியார் பள்ளிக்கூட முற்றத்தில் நின்று போட்ட சத்தம், கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். "பாக்கியம்! எங்கட பாக்கியம் எடுபட்டுட்டாள்!" பாக்கியம் என் அக்கா. எனக்கு இரண்டு வயது மூத்தவள். அந்தப் பரீட்சையில் தெரிவாகிற பிள்ளையை அரசாங்கம் மத்திய பாடசாலையில் சேர்த்து, ஹொஸ்டலில் வைத்து, சோறும் புத்தகமும் கொடுத்துப் படிப்பிக்கும். எங்களுக்குரிய மத்திய பாடசாலை வடக்கே, மட்டக்களப்புப் பட்டினத்தையும் தாண்டிப் போகவேண்டிய தூரத்தில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து அதுவரை ஒரு பெண்பிள்ளையும் அங்கே போனதில்லை.

அக்காவும் போகவில்லை. ஏன் என்று இந்த நாட்டில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. வெளிநாடுகளில் பிறந்து வளரும் நம்முடைய பிள்ளைகளுக்கும் இது விளங்குமோ தெரியாது, ஆகையால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். மூத்த பெண்ணுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் ஒரு குடிலுக்கு ஒதுங்குவார்கள். அடுத்த பெண்ணுக்கு அடுத்த வீடு கட்ட வேண்டும். இரண்டு பெண்களைப் பெற்ற எங்கள் அப்பாவுக்கு வாழ்நாள் முழுக்க அந்த ஒரே யோசனைதான். விடியமுன் தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரையில் இருக்கும் எங்கள் வயலுக்குப் போவார், இருட்டித் திரும்புவார், அறுவடை முடிந்தால் கல்லுக்கும் மரத்துக்கும் அலைவார். பாக்கியம் பரீட்சையில் தெரிவான அந்த வருஷந்தான் அவளுக்கான வீட்டுக்கு அத்திவாரம் போட்டு முடித்திருந்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு வீடா என்று கேட்கக்கூடாது. பெண் பிறந்த அன்றைக்கே எங்கள் ஆட்கள் மரம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அன்று பின்னேரம் தலைமை வாத்தியார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தப் புள்ளய விட்டுராதங்க" என்றார் வாத்தியார். "இப்பிடி ஒரு மூளைய நான் இந்தப் பக்கத்தில கண்டதில்ல."

"ஓம் வாத்தியார், கெட்டிக்காரிதான்" என்றார் அப்பா. "ஆனா அத்திவாரம் போட்டாச்சே."

"அது கிடக்கட்டும். படிச்சுப்போட்டு வந்து அந்த வீட்டிலதானே இரிக்கப் போறாள்."

அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டார். பிறகு, "வாத்தியார், மூத்தவளுக்குப் படிப்பக் குடுத்தா மறுகா படிச்ச மாப்புள தேடோணும். அவன் இந்த வீட்டுக்கு வருவானா? பெரிய கல்வீடு கேப்பான். படிப்பும் வீடும் ரெண்டும் அவளுக்கெண்டா, சின்னவளுக்கு நான் என்னத்தக் குடுக்கிற?" என்று கேட்டார்.

வாத்தியாரும் எங்கள் பக்கத்து மனிதர். அவரும் தன் மனைவியின் வீட்டில்தான் குடியிருந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார். அப்போதுதான் அக்கா அடுக்களை வாசலில் நின்று, "நான் போறன் அப்பா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அம்மா திரும்பிப் பார்த்து, "நீ வீட்டுக்காரி புள்ள. வீட்ட விட்டுட்டு எங்க போற?" என்றாள். அம்மா அதை அதட்டலாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னாள்.

மிஸ் கார்ல்சனுக்கு முன்னால் அந்தச் சின்னக் கதிரையில் இருந்தபோது இவ்வளவும் என் மனதில் ஓடி முடிந்துவிட்டது. நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "இதற்குப் பதிலாக அவள் எதை விடவேண்டும்?" என்பது. அவர் யோசித்துவிட்டு, சங்கீத வகுப்பு ஒருவேளை தவறலாம் என்றார். நான் அதைக் கேட்கவில்லை. எங்களிடமிருந்து என்ன எடுப்பீர்கள் என்று வேறு விதமாகக் கேட்டேன். அவர் நான் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சதமும் இல்லை, பஸ்கூட இலவசம் என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். கடைசியில், "இவளுக்கு இது என்றால், என் இளைய மகள் சுமதிக்கு என்ன?" என்று கேட்டேன். சுமதி அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். மிஸ் கார்ல்சனின் முகம் கனிந்தது. "சுமதி அருமையான பிள்ளை. எங்களுக்கு எல்லாப் பிள்ளைகளும் விசேஷமானவர்கள்தான்" என்றார். நல்ல பெண்மணி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. எல்லாரும் விசேஷம் என்றால் பஸ் ஏன் ஒருத்திக்கு மட்டும் வருகிறது? எங்கள் அப்பா செய்தது சரியோ பிழையோ, ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவளுக்கு என்ன என்ற கேள்வியை அவர் நேருக்கு நேராகப் பார்த்தார். இங்கே அந்தக் கேள்வியின் மேல் ஒரு பூப்போட்ட துணியை விரித்து மூடிவிடுகிறார்கள்.

கையெழுத்து வைக்காமல் வீட்டுக்கு வந்தேன். கணவருக்கு என் தயக்கம் பிடிபடவில்லை. அவர் பட்டினத்தில் பிறந்த ஒரே பிள்ளை. "நீயும் இப்பிடித்தானே எடுபட்டுப் படிச்சாய்? அவளும் உன்னைப்போலத்தான்" என்றார். அதுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது. நான் எடுபட்ட கதை அவருக்கு அரைவாசிதான் தெரியும்.

அக்காவுக்கு இரண்டு வருஷம் பின்னால் நானும் அதே பரீட்சை எழுதினேன். தெரிவானேன். இந்தமுறை வாத்தியார் சத்தம் போட்டாரா இல்லையா என்பது ஞாபகமில்லை. ஆனால் வீட்டில் அப்பா சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "இவளுக்கு ஒரு வீடு கட்ட இனி எனக்கு ஏலா. இவள் போகட்டும்." என் மூளைக்காக என்னை யாரும் அனுப்பவில்லை. எனக்கு வீடு இல்லை, ஆகவே படிப்பு. அக்காவுக்கு வீடு இருந்தது, ஆகவே படிப்பு இல்லை. அப்பாவின் நீதி அவ்வளவுதான், அதில் ஓரவஞ்சனை கிடையாது. ஆனால் காலம் போகப்போக ஊர் வேறு கதை சொல்லத் தொடங்கியது. சின்னவள்தான் கெட்டிக்காரி, அவளுக்குத்தான் படிப்பு ஓடியது, மூத்தவள் பாவம் அடுப்படிக்குத்தான் லாயக்கு என்று ஆகிவிட்டது. அக்காவின் பேரை வாத்தியார் முற்றத்தில் நின்று கூவியதை ஊரே மறந்துவிட்டது. படித்தவளைத்தான் கெட்டிக்காரி என்பார்கள், கெட்டிக்காரியைப் படிக்கவிட்டார்களா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஊரின் மேல் ஆத்திரம் வரும்.

நான் ஹொஸ்டலுக்குப் புறப்பட்ட காலை, கல்முனைப் பக்கமிருந்து பட்டினத்துக்குப் போகிற பஸ்ஸுக்காகப் பெரிய றோட்டில் காத்து நின்றோம். என் ட்ரங்குப் பெட்டியை வீட்டிலிருந்து தலையில் வைத்துக்கொண்டு வந்தது அக்கா. பஸ் வந்ததும் அவளே பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ளினாள். அம்மா அழுதாள். அப்பா கொண்டக்டரிடம் என்னைப் பத்திரமாக இறக்கிவிடச் சொன்னார். பஸ் நகர்ந்தபோது நான் ஜன்னலால் கையை நீட்டி நீட்டி அசைத்தேன். அக்கா அசைக்கவில்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டபடி றோட்டின் ஓரத்தில் நின்றாள். என்மேல் கோபம் என்று நினைத்து, பட்டினம் போகும்வரைக்கும் அழுதேன்.

கோபம் இல்லை என்பது முதல் விடுமுறையிலேயே தெரிந்தது. என் கேத்திரகணிதப் புத்தகத்தை என்னைவிட ஆவலாகத் திறந்தவள் அவள்தான். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணம் என்று நான் ஒப்புவித்தேன். அக்கா வாழையிலையில் ஒரு முக்கோணம் வெட்டி, மூன்று மூலையையும் கிழித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நேர்கோடு வந்தது. "சரிதான் புள்ள. ஆனா எந்த முக்கோணத்த வெட்டினாலும் ஏன் அப்பிடித்தான் வரோணும்?" என்று கேட்டாள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன். அவளுக்கு அது போதவில்லை. அடுத்த நாள் காலை நெல்லுக் குத்திக்கொண்டிருந்தவள் உலக்கையைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். முற்றத்து மணலில் ஈர்க்கிலால் முக்கோணம் கீறி, மேல் மூலையால் அடிக்கோட்டுக்கு ஒத்தாற்போல ஒரு கோடு இழுத்து, "இந்தா, கீழ இரிக்கிற ரெண்டு மூலையும் மேல ஏறி வந்து நிக்கிது பார்" என்றாள். புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்த நிறுவல் அதுதான். நான் இன்னும் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

இரண்டு வருஷம் ஒவ்வொரு விடுமுறையும் எங்களுக்கு அப்படித்தான் போனது. பிறகு ஒரு விடுமுறை. வீட்டுக்குக் கூரை ஏறியிருந்தது. அக்காவுக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கியிருந்தார்கள். நான் வந்த கையோடு அட்சரகணிதப் புத்தகத்தை அவள் முன்னால் விரித்தேன். "அத அங்கால வை புள்ள. மா இடிக்கக் கிடக்கு" என்றாள். அவள் கண் புத்தகத்தின் மேல் போகவே இல்லை. போகாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்த நான் கண்டேன். அதற்குப் பிறகு நான் புத்தகத்தை அவளுக்கு முன்னால் திறந்ததில்லை. பதினேழு வயதில் அவள் அந்த வீட்டில் குடும்பகாரியானாள். நான் கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போனேன், பட்டம் பெற்றேன், படித்த மாப்பிள்ளை வந்தார். அவர் வீடு கேட்கவில்லை. வெளிநாட்டுக்குப் போக இருந்தவருக்கு வீடு எதற்கு?

கையெழுத்து வைக்காமல் நான் இழுத்தடித்ததற்குக் காரணம் இதுதான். என் இரண்டு பெண்களையும் அருகருகே படுக்கவைத்துவிட்டுப் பார்க்கும்போது, ஒருத்தியின் முகத்தில் பஸ்ஸும் ஒருத்தியின் முகத்தில் றோட்டோரமும் தெரிந்தன. யார் கெட்டிக்காரி என்று எனக்குக் கவலையில்லை. இருவரில் ஒருத்தி ஒருநாள் மற்றவளின் புத்தகத்தைப் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாளே என்றுதான் பயந்தேன். அப்படியானால் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும், கௌரிக்கு அலுத்தாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு மனம் சொன்னது.

அந்த மனத்தை மாற்றியது அதற்கு முந்திய வருஷம் ஊரில் கண்ட ஒரு காட்சி. எட்டு வருஷத்துக்குப் பிறகு பிள்ளைகளோடு போயிருந்தேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவின் வீட்டில்தான் தங்கினோம். அவளுக்கு மூன்று பையன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே மகள் வதனி. நாங்கள் அங்கே நின்ற நாட்களில்தான் வதனிக்கும் அதே பரீட்சையின் முடிவு வந்தது. தெரிவாகியிருந்தாள். பின்னேரம் அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அத்தான் வயலிலிருந்து வந்து, சேதியைக் கேட்டு, சந்தோஷப்பட்டார். காலைக் கழுவிக்கொண்டே, "அவளுக்கு இந்த வீடு இரிக்கித்தானே. மறுகா என்னத்துக்கு ஹொஸ்டல்?" என்றார். அது அப்பாவின் குரலேதான்.

அக்கா திருவுவதை நிறுத்தினாள். "வீடு எங்கயும் ஓடிப்போகாது. பாத்துக்க நான் இரிக்கன். அவள் போகட்டும்" என்றாள்.

மறுத்துப் பேச அத்தானுக்கு இடமில்லை. அது அவள் வீடு. கட்டிய அன்றே அவள் பேரில் எழுதிய வீடு. அந்தக் கூரைக்குக் கீழே அவள் சொன்னால் சொன்னதுதான். படிப்புக்குப் பதிலாக அவளுக்குக் கொடுத்த அதே வீட்டில் நின்றுகொண்டு, அந்த வீடு கொடுத்த அதிகாரத்தால், அவள் தன் மகளைப் படிக்க அனுப்பினாள். மாப்பிள்ளைக்குக் கொடுக்க உதவாத பழைய மண்வீடு என்றாலும், அம்மாவின் பேரிலும் ஒரு வீடு இருந்தது. அம்மாவும் இதைச் சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு அது தெரிந்திருக்கும். திருவிய தேங்காயை வழித்து எடுத்துக்கொண்டு அவள் அடுக்களைக்குள் போனாள்.

அடுத்த நாள் விடிய அவள் முற்றம் கூட்டும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். தன் முற்றத்தைக் கூட்டி முடித்துவிட்டு, வேலியைத் தாண்டி, பக்கத்திலிருந்த வெறும் நிலத்தையும் கூட்டிக்கொண்டிருந்தாள். தென்னை இல்லை, பூசணிக்கொடிகூட இல்லை, சுத்தமான மணல். இது யாருடைய வளவு என்று கேட்டேன்.

"உன்ட வளவு. சின்னவளுக்கு வீடொண்டு குடுக்க ஏலாமப் போச்சு, இதையாச்சும் சும்மா வெச்சிரு, ஒண்டும் நட்டுராத எண்டு அப்பா சொன்னவர். வந்து கட்டுவாய் எண்டு நினைச்சாராக்கும்."

"அக்கா, நான் படிச்ச படிப்பு உனக்குக் கிடைச்சிருக்கோணும்" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக.

அவள் விளக்குமாற்றை நிலத்தில் ஊன்றி நின்றாள். "ஓம். கிடைச்சிருக்கோணும்" என்றாள். பிறகு மிச்ச மணலையும் கூட்டத் தொடங்கினாள். இல்லை என்று சொல்லி என்னை ஆறுதல்படுத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போலும். அவள் அப்படிச் சொல்லாததற்காக இன்றைக்கும் அவளை மதிக்கிறேன்.

கையெழுத்து வைத்துவிட்டேன். அக்காவே வதனியை அனுப்பினாள் என்றால், நான் கௌரியை மறிக்க யார்? போன செப்டம்பரில் முதல்நாள் காலை, மஞ்சள் பஸ் எங்கள் வாடகை வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. கௌரி ஏறினாள். ஜன்னலோரத்தில் இருந்துகொண்டு கையை நீட்டி நீட்டி அசைத்தாள். நான் ஒரு கையில் சுமதியைப் பிடித்திருந்தேன். மற்றக் கை சும்மாதான் இருந்தது. ஆனால் அது எழும்பவில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. போகிறவளைப் பார்த்துக்கொண்டு நிற்கவே உடம்பு முழுவதும் வேண்டியிருந்தது. அக்காவின் கைகள் அன்றைக்கு ஏன் தொங்கிக்கொண்டிருந்தன என்பது எனக்கு அந்த றோட்டோரத்தில்தான் விளங்கியது. நான் எப்போதும் பஸ்ஸுக்குள் இருந்தவள். வெளியே நிற்பது அதுவே முதல்முறை.

பஸ் திருப்பத்தில் மறைந்தது. சுமதி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, எனக்கு என்ன?"

எல்லாப் பிள்ளைகளும் விசேஷம் என்று என் வாயில் வரவில்லை. நாங்கள் நின்றிருந்த வாசல் வேறு யாருடையதோ. அவளுக்கென்று சொல்ல இந்த நாட்டில் என்னிடம் ஒன்றுமில்லை.

"செட்டிபாளையத்தில உனக்கு ஒரு வளவு இரிக்கு" என்றேன்.

"பெரியம்மா கூட்டுற இடமா?"

"ஓம்."

பஸ் போன திசையைப் பார்த்தாள்.

"அங்க பஸ் வருமா?"

"வரும்" என்றேன். "பெரிய றோட்டில, பெரியம்மா நிண்ட இடத்தில வந்து நிக்கும்."